பட்டி பூசாத இறக்கை

மகன்,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் உன்னிடம் ஒரு பொய் சொல்லிவிட்டேன். அதைத் திருத்தத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். போனிலேயே திருத்தியிருக்கலாமே என்று நீ கேட்பாய். என்னால் முடியாது. உன் குரலைக் கேட்டதும் என் வாய் தன்பாட்டில் "நல்லா இருக்கேன், சாப்டேன், இங்க மழதான்" என்று மூன்றை எடுத்து வைத்துவிட்டு ஓய்ந்துவிடும். பிறகு நீ "சரிப்பா" என்பாய், நான் "சரி மகன்" என்பேன். அம்மா கண்ணை மூடினபின் இரண்டு வருடமாக இப்படித்தான் ஓடுகிறது. பேனாவைப் பிடித்த கை வாயைப்போல ஓடி ஒளிந்துகொள்ளவில்லை. எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

"டிசம்பருக்கு ரெண்டு கெழம லீவு கெடைக்கும்ப்பா. வரட்டுமா? அவளயும் கூட்டிக்கிட்டு வர்றேன், நீங்க இன்னும் நேர்ல பாக்கலயே" என்று கேட்டாய். நான் மூச்சுவிடக்கூட நேரம் எடுக்காமல், "எதுக்கு மகன் வீண் செலவு? நான் நல்லாத்தானே இருக்கேன். கல்யாணத்த அங்கயே முடிச்சிட்டு மெதுவா ஆறுதலா வாங்க" என்றேன். உன் பக்கத்தில், நீ கட்டப்போகிற அந்தப் பிள்ளையின் குரல் கேட்டது. "மாமா என்னவாம்?" என்றாள். "பிறகு சொல்றன்" என்றாய் நீ. நம் வீட்டில் "சொல்றேன்" என்போம், நீ இப்போது அவளோடு சேர்ந்து "சொல்றன்" என்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். போனை வைத்தபிறகுதான் எனக்கு உறைத்தது. நான் வேண்டாம் என்றதை நீ பயணத்துக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டிருக்கமாட்டாய். அந்தப் பிள்ளையை வேண்டாம் என்றதாகத்தான் எடுத்துக்கொண்டிருப்பாய். அப்பனுக்கு யாழ்ப்பாணத்துப் பிள்ளையைப் பிடிக்கவில்லை, கலஹாவில் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்த மனிசனுக்கு இந்தச் சம்பந்தம் ஒட்டவில்லை என்று இரண்டு பேரும் மெல்பர்னில் உட்கார்ந்து பேசியிருப்பீர்கள். அப்படி ஒன்றும் இல்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் அவள் போனை வாங்கி, "மாமா, சுகமா இருக்கிறியளோ?" என்று கேட்டாளே, அன்றைக்கு நான் "ம்ம்" என்று சொல்லிவிட்டு உன்னிடம் கொடுக்கச் சொன்னேன். வெட்கம், வேறொன்றுமில்லை. பிறகு குசினியில் நின்று, "நான் சுகம் பிள்ள, நீங்க எப்படி?" என்று நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தேன். அடுத்தமுறை வந்தால் சொல்லலாம் என்று வைத்திருக்கிறேன். இன்னும் சந்தர்ப்பம் வரவில்லை.

உன்னை வரவேண்டாம் என்றதற்கு உண்மையான காரணம் நீ அனுப்பிய பெட்டி. அதை நான் பிரித்துவிட்டேன். பிரித்ததோடு நிற்காமல் கெடுத்தும்விட்டேன்.

எந்தப் பெட்டி என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. போன வருடம் உன் கூட்டாளி ஒருவர் ஊருக்கு வந்தபோது அவர் கையில் கொடுத்தனுப்பினாயே, ஜப்பான் எழுத்துப் போட்ட அந்தப் பெரிய பெட்டி. மூடியில் ஒரு விண்கப்பல் படம், நட்சத்திரங்களுக்கு நடுவில், பின்பக்கம் நீலமாக நெருப்பைக் கக்கிக்கொண்டு. "அப்பா, அதப் பிரிக்காதீங்க. நான் வந்ததும் ரெண்டு பேரும் சேந்து செய்வோம்" என்று சொன்னாய். முப்பத்திரண்டு வயதில் உனக்கு இதென்ன விளையாட்டு என்று எனக்குச் சிரிப்பு வந்தது, "சரி சரி" என்றேன். பெட்டியை முன் அறை அலுமாரியின் மேல் வைத்தேன். புது வேலை என்பதால் அந்த டிசம்பருக்கு உன்னால் வர முடியவில்லை. பெட்டி அங்கேயே இருந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தூசி தட்டி வைத்தேன்.

பிரித்ததற்கு ஒரு நாளைக் காரணமாகச் சொல்லலாம். மூன்று மாதத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை. காலையிலிருந்து மழை. பாணும் பருப்பும் இருந்ததால் கடைக்குப் போகவில்லை. பின்னேரம் நாலு மணிபோல மின்சார மீட்டர் பார்க்கிறவர் கதவைத் தட்டி, "வீட்ல யாரு இருக்கா?" என்று கேட்டார். பதில் சொல்லப் போனேன், குரல் வரவில்லை. கரகரவென்று என்னவோ வந்தது. அவர் பயந்துபோய், "ஐயா, ஒடம்புக்கு முடியலயா?" என்றார். உடம்புக்கு ஒன்றுமில்லை. முந்தாநாள் காலையிலிருந்து நான் யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை, தொண்டை அடைத்துவிட்டது, அவ்வளவுதான். அவர் போனபின் கதிரையில் உட்கார்ந்தேன். நேரே எதிரில் அலுமாரி, அதன்மேல் உன் பெட்டி. ஏணி வைக்காமல் எம்பி அதை இறக்கினேன். தோள் சுளுக்கிக்கொண்டது, அது தனிக்கதை.

உள்ளே சாம்பல் நிறத்தில் சட்டம் சட்டமாக பிளாஸ்டிக், ஒவ்வொரு சட்டத்திலும் காய்க்குலை மாதிரித் துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு இலக்கம். அதற்கு மேலே நீ தனியாக ஒரு பை வைத்திருந்தாய். வெட்டுகிற சின்னக் குறடு இரண்டு. கத்தி இரண்டு. சிறிய இடுக்கி இரண்டு. தூரிகைக் கட்டு இரண்டு. எல்லாம் இரண்டிரண்டு. நான் அதை மேசையில் பரப்பி வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதே எல்லாவற்றையும் திரும்பப் பெட்டிக்குள் போட்டு மூடியிருக்க வேண்டும். அறிவுள்ளவன் அதைத்தான் செய்திருப்பான். நான் ஒரு குறடு மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைக் கடதாசியோடு ஒதுக்கி வைத்தேன். முதல் துண்டு இரண்டையும் மட்டும் ஒட்டிப் பார்ப்போம், மிச்சத்தை மகன் வந்தபின் என்று சொல்லிக்கொண்டேன்.

அடுத்த நாலு வாரம் நான் தனியாக இருந்ததே தெரியவில்லை, மகன். அதை ஒளிக்காமல் சொல்கிறேன். காலையில் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு மேசைக்குப் போனால் மத்தியானம் பசிக்கும்போதுதான் எழும்புவேன். படம் பார்த்துப் பார்த்து, கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பன்னிரண்டையும் பதின்மூன்றையும் சேர்த்து, விளிம்பைத் தேய்த்து, பொருத்து தெரியாமல் இழைத்தேன். இடையில் என்னோடு நானே பேச ஆரம்பித்தேன். "இது வலப்பக்கம்டா மடையா" என்று என்னை நானே ஏசிக்கொண்டேன். வண்டித் தகரத்தைத் தட்டி நிமிர்த்தி, பள்ளம் தெரியாமல் பட்டி பூசி, தேய்த்து, வர்ணம் அடித்து நாற்பது வருடம் கழித்தவன் நான். அந்த வேலையில் என்ன இருக்கிறதோ அதெல்லாம் இதிலும் உள்ளங்கை அளவில் இருக்கிறது. இத்தனை நாள் இதைச் சின்னப் பிள்ளை விளையாட்டு என்று நினைத்தேனே என்று வெட்கப்பட்டேன்.

பிறகுதான் கெடுத்தேன். தகரத்துக்கு வர்ணம் அடிக்கும் முன் தின்னரால் துடைக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வர்ணம் பிடிக்காது. இது எனக்கு மூச்சு விடுவதைப்போல. இடது இறக்கையை எடுத்தேன், தடவிப் பார்த்தேன், பிசுபிசுப்பாக இருந்தது, சீலையைத் தின்னரில் நனைத்துச் சுற்றி வைத்தேன். அந்த நேரம் பார்த்து மீன்காரர் ஹோன் அடித்தார். வெளியே போய் அவரோடு நாலு வார்த்தை கதைத்தேன். யாராவது கதைக்கக் கிடைத்தால் நான் இப்போது லேசில் விடுவதில்லை. திரும்பி வந்து சீலையைப் பிரித்தால் இறக்கையின் ஓரம் அப்பளம்போல் சுருண்டு கிடந்தது. அதிலிருந்த மெல்லிய கோடுகள் எல்லாம் அழிந்து, நடுவில் ஒரு இடம் கூழாகி விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. தின்னர் பட்டால் பிளாஸ்டிக் உருகும் என்பது எனக்குத் தெரியாமலா இருக்கும்? தெரியும். கைக்குத்தான் தெரியவில்லை. கை தகரம் என்றே நினைத்துக்கொண்டது.

உருகின இறக்கையைப் பையில் போட்டுக்கொண்டு கட்டுகஸ்தோட்டை டவுனுக்குப் போனேன், பெயிண்ட் கடைக்காரர் நானாவிடம். நான் கராஜில் இருந்த காலமெல்லாம் அவரிடம்தான் தின்னரும் பட்டியும் வாங்கினது, உனக்கும் ஞாபகம் இருக்கும். அவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்னத்த பாஸ் இது? பேரப்புள்ளட சாமானா?"

"மகன்ட."

"மகனுக்கு எத்தின வயசு?"

"முப்பத்திமூணு."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "தின்னர்ல போட்டீங்களா?" என்றார். தலையாட்டினேன். "இத்தின வருஷம் என்ட கடையில தின்னர் வாங்கின ஆளு நீங்க. இத நான் யாருக்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சிரித்தார். இதே போல இன்னொரு இறக்கை எங்காவது வாங்கலாமா என்று கேட்டேன். "இது பஸ்ஸுட மட்கார்ட்டா, தனியா வாங்க? மகன்கிட்ட சொல்லுங்க, உருகிப் போச்சுண்டு. உங்கட புள்ளதானே, கடிச்சா திங்கப் போறாரு?" என்றார். சொல்லலாம்தான் என்றேன். "அப்ப சொல்லுங்க" என்றார். அந்த வாரம் நீ போன் எடுத்தபோது, "நல்லா இருக்கேன், சாப்டேன், இங்க மழதான்" என்றேன்.

இப்போது சொல்லப்போவதுதான் எழுதக் கஷ்டமானது. வீட்டுக்கு வந்து இறக்கையை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுருண்ட ஓரம், உருகின குழி, அதைச் சுற்றி அழிந்த கோடு. இதை நான் முன்னமே பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. இதே காயம், இதேபோல ஒரு இறக்கையில். அப்போது அதைச் செய்தது நீ. வேண்டுமென்றே, ஊசியைச் சூடாக்கி, மூன்று வாரம் எடுத்துச் செய்தாய். உனக்கு அப்போது பதினைந்து வயது.

குவைத்திலிருந்து வந்த உன் மாமா கொண்டுவந்து கொடுத்த விண்கப்பல் அது. நீ விடுமுறை முழுவதும் பின் அறையில் உட்கார்ந்து கட்டினாய். பாடசாலையில் கைப்பணிக் கண்காட்சி வருகிறது, அதற்கு வைக்கப்போகிறேன் என்றாய். ஒரு சனிக்கிழமை நீ கண்டிக்கு டியூஷனுக்குப் போயிருந்த நேரம், நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். கப்பலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். இறக்கையில் பொத்தல். மூக்கில் நசுங்கல். உடம்பெல்லாம் கறுப்பும் காவியுமாகக் கறை, விபத்தில் அடிபட்டு வந்த வண்டி மாதிரி. பிள்ளை கஷ்டப்பட்டுச் செய்து கடைசியில் கெடுத்துவிட்டான், சொல்ல வெட்கப்பட்டுச் சும்மா இருக்கிறான் என்று நினைத்தேன். டிங்கர் வேலை செய்கிறவன் பிள்ளை ஓட்டை உடைசலோடு கண்காட்சிக்குப் போவதா என்றும் நினைத்தேன். அதையும் சொல்லத்தானே வேண்டும். கப்பலைச் சீலையில் சுற்றி எடுத்துக்கொண்டு கெலிஓயாவுக்கு பஸ் ஏறினேன், எங்கள் கராஜுக்கு. பொத்தலுக்குப் பட்டி பூசினேன். நசுங்கலுக்குப் பட்டி பூசினேன். தண்ணீர் போட்டுத் தேய்த்து, ஒரு வான் வண்டிக்கு அடித்து மிஞ்சியிருந்த முத்துவெள்ளையைத் தூரத்திலிருந்து பனிபோல அடித்தேன். அவ்வளவு கவனமாக நான் எந்த முதலாளியின் காருக்கும் அடித்ததில்லை. கராஜில் இருந்தவர்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள்.

நீ வந்ததும் மேசையில் வைத்துக் காட்டினேன். அது பளபளவென்று இருந்தது. அம்மா, "எவ்வளவு அழகா இருக்கு" என்றாள். நான் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன், நீ என்ன சொல்லப்போகிறாய் என்று. நீ அதைத் தொடவில்லை. சுற்றி வந்து இறக்கை இருந்த பக்கம் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்து, "பரவாயில்லப்பா. நல்லா இருக்கு" என்றாய். நான் அதை மெச்சினதாக எடுத்துக்கொண்டேன். அன்றைக்குச் சாப்பாடு எனக்கு இரண்டு பங்கு இறங்கியது. திங்கட்கிழமை கண்காட்சிக்கு நீ கப்பலைக் கொண்டுபோகவில்லை. இடம் இல்லையாம் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தாய்.

அடுத்த நாள் காலையில் தேத்தண்ணி கொடுக்கும்போது அம்மா எனக்குச் சொன்னாள். "அது கெட்டுப்போனதில்லீங்க. அவன் அப்படித்தான் செஞ்சான். சண்டைக்குப் போன கப்பல்ல இது ஒண்ணுதான் திரும்பி வந்துச்சாம். எந்தக் காயம் எங்க பட்டுச்சுன்னு ஒரு கொப்பியில எழுதி வச்சிருந்தான். எனக்கு வாசிச்சுக் காட்டுனான்" என்றாள். அந்த நேரம் நான் என்ன செய்திருக்க வேண்டும்? எழும்பிப் பின் அறைக்கு வந்து, "தெரியாம செஞ்சிட்டேன் மகன்" என்று சொல்லியிருக்க வேண்டும். பத்து அடி தூரம். நான் கோப்பையைத் தட்டில் வைத்து, "ஓட்ட ஒடசலுக்கு ஒரு கதையா? ஊர்ல உள்ளவன் நசுக்கிக்கிட்டு வர்றத நான் நிமித்துறேன், என் புள்ள நல்லத நசுக்குறானா?" என்று சத்தம் போட்டேன். உன் கதவு திறந்துதான் இருந்தது. உனக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன். தப்புச் செய்துவிட்டேன் என்று தெரிந்ததால் வந்த கோபம் அது. அதை இவ்வளவு வருடத்தில் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை, உன் அம்மாவிடம்கூட.

அதற்குப்பிறகு நீ எதையும் கட்டவில்லை. என்னிடம் எதையும் காட்டவும் இல்லை. பரீட்சை முடிவு வந்தால் காட்டினாய், வேலைக்குக் கடிதம் வந்தால் காட்டினாய், விசா வந்தபோது காட்டினாய். எல்லாம் தயாராகித் துடைத்து மினுக்கினபின் காட்டுகிற சங்கதிகள். அரைகுறையாக இருக்கும்போது, உனக்கே என்னவென்று தெரியாமல் இருக்கும்போது, ஒன்றையும் என் கண்ணில் படவைக்கவில்லை. எங்கே பட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேனோ என்ற பயம் உனக்கு இருந்திருக்கும். நான் அதை அடக்கமான பிள்ளை என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அம்மா போனபோது ஐந்து நாள் வந்து இருந்தாய். நாலாம் நாள் ஆட்கள் எல்லாம் போய்விட்டார்கள், நாம் இரண்டு பேரும் முன் அறையில் உட்கார்ந்திருந்தோம். நீ போனைப் பார்த்தாய். நான் முதல்நாள் பேப்பரை இரண்டாம் தடவை வாசித்தேன். உன் கண் சிவந்திருந்தது. "அழுதியா மகன்?" என்று கேட்க நினைத்தேன், "மின்விசிறிய போடவா?" என்று கேட்டேன். "வேணாம்ப்பா, பரவாயில்ல" என்றாய். போகும்போது வான் வண்டியில் ஏறின பிறகு கண்ணாடியை இறக்கி, "ஏதும் வேணும்னா சொல்லுங்கப்பா" என்றாய். "எனக்கு என்ன வேணும், ஒண்ணும் வேணாம்" என்றேன். வான் பாலத்துப் பக்கம் திரும்புகிறவரை பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே வந்தால் வீட்டில் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது. அன்றைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது, உன் அம்மாவுக்காக மட்டும் இல்லை.

பிறகு அந்தப் பெட்டியை அனுப்பினாய். இரண்டு பேரும் சேர்ந்து செய்வோம் என்றாய். அது என்ன என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. இறக்கையை மேசையில் வைத்துக்கொண்டு இருந்த அன்றைக்குத்தான் விளங்கியது. பதினேழு வருடம் கழித்து நீயாக வந்து, அரைகுறையான ஒன்றை மறுபடியும் என் முன்னால் வைக்கத் துணிந்திருக்கிறாய். நான் அதையும் தனியாக எடுத்துத் தனியாகக் கெடுத்திருக்கிறேன். ஒரே பிள்ளையிடம் ஒரே பிழையை இரண்டு தடவை செய்கிற ஆள் நானாகத்தான் இருக்க முடியும்.

இருந்தாலும் பழக்கம் விடுமா? அடுத்த நாள் பட்டி வாங்கிவந்து பலகையில் குழைத்தேன். சேர்மானத்தைக் கலந்தால் ஐந்து நிமிடத்துக்குள் பூசிவிட வேண்டும், இல்லாவிட்டால் இறுகிவிடும். தகட்டில் அள்ளி இறக்கைக்குக் கிட்டக் கொண்டுபோனேன். பூசித் தேய்த்துவிட்டால் ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. நீ டிசம்பரில் வந்து பார்த்தாலும் கண்டுபிடிக்க மாட்டாய், அவ்வளவு சுத்தமாக என்னால் செய்ய முடியும். கை போகவில்லை. அப்படியே நின்றேன். பட்டி பலகையிலேயே இறுகிக் கல்லாகிவிட்டது. அதை வெளியே போட்டுவிட்டு வந்து, உன்னைப்போல ஊசியைச் சூடாக்கி, உருகின இடத்தை இன்னும் கொஞ்சம் கிழித்துவிட்டேன். எப்படியென்று போனில் வீடியோ பார்த்துத்தான். தாடி வைத்த பையன்கள் புதுக் கப்பலைப் பழசாக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள், அதைப் பார்க்க உலகத்தில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்குத் துருவைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை, மகன். நடுவில் கொண்டுபோய்த் துருவைப் பூசுகிறார்கள். துரு நடுவில் தொடங்காது. மூட்டில், ஆணிக்குக் கீழே, தண்ணீர் தேங்கி நிற்கிற விளிம்பில்தான் தொடங்கும். எனக்குச் சிரிப்பாக வந்தது.

அதனால் கெலிஓயாவுக்குப் போனேன். பழைய கராஜில் ஓரமாகக் கிடக்கிற ஒரு லொறியின் கதவைச் சுரண்டி, தயிர்ச் சட்டி ஒன்றில் துரு சேர்த்தேன். "பாஸ் துருவச் சொரண்டி வீசுவாரு, இப்ப வீட்டுக்குக் கொண்டு போறாரே, கூட்டு வைக்கவா?" என்று கராஜில் இருந்தவர்கள் கேலி பண்ணினார்கள். வைக்கத்தான் என்றேன். அதை மாவாக அரைத்து, தூரிகையால் மூட்டு மூட்டாக வைத்தேன். விண்வெளியில் மழை ஏது, துரு எப்படிப் பிடிக்கும் என்று நீ கேட்பாய். நானும் யோசித்தேன். எங்கேயாவது இறங்கியிருக்கும் அல்லவா? கண்டி மாதிரி ஒரு இடத்தில் இறங்கியிருந்தால் மூன்று மாதம் போதும்.

இப்போது கப்பல் முடிந்து மேசையில் நிற்கிறது. நன்றாக வந்திருக்கிறது என்று நானே சொல்லக்கூடாது, ஆனால் நன்றாக வந்திருக்கிறது. ஒரு குறைதான். அந்த இறக்கையில் காயம் எப்படிப் பட்டது என்று எனக்குத் தெரியவில்லை. தின்னர் பட்டு உருகியது என்று எழுதிவைக்க முடியுமா? எதில் மோதியது, யார் சுட்டது, உள்ளே இருந்தவர்கள் தப்பினார்களா, ஒன்றும் எனக்கு ஓடவில்லை. நாலு நாளாக உட்கார்ந்து யோசிக்கிறேன். அந்தமாதிரி மூளை எனக்குக் கிடையாது. உனக்கு இருந்தது, இன்னும் இருக்கும் என்று நம்புகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ வரட்டுமா என்று கேட்டபோது கப்பல் எனக்கு எதிரில்தான் இருந்தது. பிரிக்காதே என்றதைப் பிரித்து, உருக்கி, துரு பூசி வைத்திருக்கிறேன், வந்தால் பார்த்துவிடுவான், பார்த்துவிட்டு "பரவாயில்லப்பா" என்று சொல்லிவிடுவான் என்று பயம். அந்தச் சொல்லை இன்னொரு தடவை தாங்க என்னால் முடியாது. அதனால்தான் வேண்டாம் என்றேன். இதில் அந்தப் பிள்ளைக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. இந்தக் கடிதத்தை அவளுக்கும் வாசித்துக் காட்டு. மாமா மடையன், கெட்டவன் இல்லை என்று சொல். நீயும் ஒன்றை என்னிடமிருந்து படித்துக்கொள், நான் செய்யாததிலிருந்து. அவள் ஒரு நாள் "பரவாயில்லை" என்று சொன்னால் அத்தோடு எழும்பிச் சாப்பிடப் போய்விடாதே. நின்று முகத்தைப் பார். கேட்காமல் எதையும் சரிசெய்யப் போகாதே. சரிசெய்யத் தெரிந்த கைக்கு எல்லாம் உடைசலாகத்தான் தெரியும்.

நான் நல்லா இல்லை, மகன். உடம்புக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, சாப்பாடும் இறங்குகிறது. ஆனால் நல்லா இல்லை. சில நாள் பஸ்ஸில் ஏறிக் கண்டி டவுனுக்குப் போய், ஒன்றும் வாங்காமல், அடுத்த பஸ்ஸில் திரும்பி வருகிறேன், கொண்டக்டர் "எங்க?" என்று கேட்பாரே, அதற்காக. ஒரு வருடமாக இதை உன்னிடம் மறைக்கிறேன். டிசம்பரில் வா. அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. நாம் பேச ஒன்றும் இல்லாமல் இரண்டு நாள் உட்கார்ந்திருக்க நேரிடும், எனக்கு அதுவும் வேண்டும். நான் செய்ததற்குக் கோபம் வந்தால் என் முகத்துக்கு நேரே ஏசு, அதுவும் வேண்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமையும் நீ போன் எடுப்பாய். அதற்குள் கடிதம் வந்து சேராது, அவுஸ்திரேலியாவுக்கு இரண்டு மூன்று வாரம் எடுக்குமாம். சேர்ந்த பிறகும் நீ கேட்டால் நான் பழையபடி, "எதுக்கு வீண் செலவு, நான் நல்லாத்தானே இருக்கேன்" என்றுதான் சொல்வேன். என் வாயை எனக்குத் தெரியும், இந்த வயதில் அது திருந்தாது. நீ "சரிப்பா" என்று சொல்லிவிடாதே. நான் சொல்வதைக் கேட்காதே. டிக்கெட்டைப் போடு.

அப்பா